வெயிலில் விழித்த விதை

"மேலைநாட்டு அறிவனைத்தும் நம்மவரிடமிருந்து சென்றதே" என்று மேடையில் முழங்குவதில் நமக்கொரு தனிச் சுவை உண்டு. முழக்கம் ஓய்ந்தபின் ஒருவர் எழுந்து, எது சென்றது, அதை எழுதியவர் யார், எந்த ஏட்டில் எழுதினார், எடுத்தாண்டவர் எவர் என்று கேட்பாராயின், விடை கூற வேண்டிய நா பெரும்பாலும் தடுமாறும். இதற்கு எதிர்த்திசையில் நிற்போரும் நம்மிடையே உண்டு. "பழைய ஏடுகளில் இன்றைய மருத்துவத்துக்கு என்ன இருக்கப் போகிறது?" என்று அவர்கள் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். முன்னவர் ஆராயாமல் புகழ்கின்றனர். பின்னவர் ஆராயாமல் இகழ்கின்றனர். ஆராயாமை இருவருக்கும் பொது.

இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று ஒரு மருந்தின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கலாம். புற்றுநோய் மருத்துவத்தில் இன்று தனியிடம் பெற்றுவிட்ட ஒருவகை மருந்துகளின் வரலாறு அது. ஏனைய மருந்துகள் உடலினுள் சென்றதும் வேலையைத் தொடங்கிவிடும். நோயுற்ற இடம், நலமுள்ள இடம் என்று பாராமல் எங்கும் பாயும். புற்றுக்கென்று கொடுக்கும் நஞ்சு தலைமுடியை உதிர்ப்பதும் குடலைப் புண்ணாக்குவதும் அதனால்தான். ஆனால் நாம் பேசப்போகும் மருந்துகளோ ஒளி படும்வரை ஏறத்தாழ உறங்கிக் கிடப்பவை. குறித்த இடத்தில் குறித்த ஒளி பட்டால்தான் அவை விழித்தெழுந்து தொழிற்படும். ஒளி படாத இடத்தில் அவற்றால் பெருந்தீங்கு விளைவதில்லை. மருந்தைக் கொடுப்பவர் மருத்துவர். அது வேலை செய்ய வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுப்பது ஒளி.

இவ்வெண்ணம் நேற்றுப் பிறந்ததா, நெடுங்காலம் முன்பே பிறந்ததா?

மாலகாவின் மைந்தர்

அந்தலூஸ் என்று அரபு மக்கள் அழைத்த முஸ்லிம் ஸ்பெயினின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் மாலகா. அந்நகரில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர் ளியாவுத்தீன் அப்துல்லாஹ் இப்னு அஹ்மத். கால்நடை மருத்துவரின் மைந்தர் என்னும் பொருளில் ‘இப்னுல் பைத்தார்’ என்று உலகம் அவரை அறியும். செவில் நகரில் அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ என்னும் தாவரவியல் அறிஞரிடம் பயின்ற அவர், ஏறத்தாழ 1220ஆம் ஆண்டளவில் தாயகம் நீங்கினார். வட ஆப்பிரிக்கக் கரை வழியே செடி கொடிகளைக் கண்டும் தேர்ந்தும் கீழ்த்திசை நோக்கிச் சென்றார். எகிப்தை அடைந்தபோது அய்யூபி மன்னர் சுல்தான் அல் காமில் அவரை மருந்துத் தாவர அறிஞர்களுக்கெல்லாம் தலைவராக்கிச் சிறப்பித்தார்.

மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ, திமிஷ்க் நகரில் இவரிடம் பயின்றவர். ஆசிரியருடன் நகர்ப்புறங்களில் அலைந்து செடிகளை நேரில் கண்டதை அவர் நன்றியுடன் குறித்திருக்கிறார். ஒரு மருந்தைப் பற்றிப் பேசும்போது, கிரேக்க அறிஞர்களான டயஸ்கோரிடீசும் காலனும் அதைத் தம் நூலில் எந்தப் பகுதியில், எத்தனையாவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் ஆசிரியர் சேர்த்தே சொல்வாராம். கேட்டதைச் சொல்லும்போது யாரிடம் கேட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுக்கமல்லவா? அவ்வொழுக்கம் மருந்துச் செடிகளின் ஆராய்ச்சியிலும் வேரூன்றியிருந்தது.

இப்னுல் பைத்தாரின் பெருநூல் ‘அல்ஜாமிஉ’ என்று சுருக்கமாக வழங்கப்பெறும். உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் சற்றேறக்குறைய 1400 பொருள்களை அது அகர வரிசையில் விளக்குகிறது. முன்னோர் சொன்னதைப் பெயர் சுட்டி எடுத்துரைத்து, தாம் கண்டதைத் தனியே பிரித்துக் காட்டி, பிழை கண்ட இடத்தில் திருத்தமும் கூறிச் செல்கிறார் ஆசிரியர். 1248ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 646இல், திமிஷ்க்கில் அவர் மறைந்தார்.

ஆத்ரீலால்

அந்நூலில் இடம்பெற்ற செடிகளுள் ஒன்று ஆத்ரீலால். பறவையின் கால் என்பது இப்பெயருக்குப் பெர்பர் மொழியில் பொருள். கொத்துமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குடை விரித்தாற்போல் வெண்ணிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்பது. நைல் ஆற்றுப் படுகையில் களையாக வளர்வது. வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெர்பர் குலத்தார் இதன் விதையை வெண்புள்ளி நோய்க்கு மருந்தாகக் கொடுத்து வந்ததாகவும், அம்மறையைப் பிறருக்குப் புலப்படுத்தாமல் தந்தை வழியே மைந்தருக்கு உரைத்துக் காத்து வந்ததாகவும் இப்னுல் பைத்தார் எழுதுகிறார். தாமே கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. எழுத்தறியாக் குலத்துக்கு உரிய புகழை அக்குலத்துக்கே உரியதாக்கி ஏட்டில் ஏற்றினார்.

வெண்புள்ளி நோயை நம் மக்கள் அறியாமையால் வெண்குட்டம் என்றனர். குட்ட நோய்க்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது தொற்றுவதும் இல்லை. தோலுக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் சில இடங்களில் அழிந்துபோவதே அதன் தன்மை. உடலை அது வருத்துவதைக் காட்டிலும் உள்ளத்தை வருத்துவதே மிகுதி. திருமணம் தடைப்பட்ட மங்கையரும் ஊரார் பார்வைக்கு அஞ்சி ஒதுங்கிய இளைஞரும் எத்தனை பேர்!

இதற்கு இப்னுல் பைத்தார் கூறும் முறையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆத்ரீலால் விதையைப் பொடித்துத் தேனில் குழைத்து உண்ணக் கொடுக்க வேண்டும். அத்துடன் ஆக்கிர்கர்ஹாவும் சிறிது சேர்ப்பதுண்டு. நம் நாட்டு மருந்துக் கடைகளில் அக்கரகாரம் என்று விற்கப்படும் வேர் அதுதான். அரபுப் பெயரே நம் நாவில் அவ்வாறு உருமாறியது. மருந்தை உண்டபின் நோயாளி, வெண்புள்ளி படர்ந்த இடங்களைத் திறந்து வைத்து, வியர்க்கும் வரை வெயிலில் அமர்ந்திருக்க வேண்டும். அவ்விடங்களில் கொப்புளங்கள் எழும். அவை ஆறிய பின் தோலின் நிறம் திரும்பும்.

விதையை உண்டுவிட்டு நிழலில் கிடந்தால் பயனில்லை. விதையின்றி வெயிலில் காய்ந்தாலும் பயனில்லை. மருந்தும் ஒளியும் ஒன்றுகூடிய இடத்தில்தான் வினை நிகழும். இதை ஏட்டில் எழுதி வைத்ததே நாம் உரிமையுடன் எடுத்துச் சொல்லத்தக்க செய்தி. ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அறிவதற்குரிய வேதியியலும் அன்று பிறந்திருக்கவில்லை.

இதே நோய்க்கு இந்திய மண்ணில் வேறொரு விதை பயன்பட்டது. சித்த மருத்துவர் கார்போகரிசி என்றும் வடமொழி நூலார் பாகுசி என்றும் குறிக்கும் விதை அது. இரு செடிகளும் இரு வேறு குடும்பத்தவை. வளர்ந்த நிலங்களும் வேறு. ஆயினும் அவற்றின் உள்ளிருந்த சரக்கு ஓரினத்தது என்பதைப் பிற்காலம் காட்டிற்று.

கெய்ரோவில் தொடர்ந்த கதை

ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் உருண்டன. அல்ஜாமிஉ நூலை 1874ஆம் ஆண்டில் கெய்ரோவின் பூலாக் அச்சகம் நான்கு பாகங்களாக வெளியிட்டது. லூசியன் லெக்லெர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதைத் தம் மொழியில் பெயர்த்து, 1877 முதல் 1883 வரையிலான காலத்தில் வெளிவரச் செய்தார். ஏட்டறிவு இவ்வாறு அச்சேறிக்கொண்டிருக்க, கையறிவோ எகிப்தின் அத்தார் கடைகளில் உயிரோடிருந்தது. ஆத்ரீலால் பொடியை மக்கள் அங்கே வாங்கிச் சென்றுகொண்டுதான் இருந்தனர்.

1933ஆம் ஆண்டில் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் ஆகிய இந்திய வேதியியலறிஞர் மூவர், கார்போகரிசியிலிருந்து சோராலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினர். 1940களில் கெய்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இப்ராஹீம் ரஜப் ஃபஹ்மியும் அவருடைய தோழர்களும் ஆத்ரீலால் விதையை ஆராய்ந்தனர். அதிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த படிகங்களுள் தலையாயது இன்று மெத்தாக்ஸலென் என்று வழங்கப்படுகிறது. அது சோராலென் இனத்தைச் சேர்ந்தது. ஃபஹ்மி குழுவினரின் ஆய்வுக் குறிப்பொன்று 1947இல் இங்கிலாந்தின் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அப்பல்கலைக்கழகத்தின் தோல்நோய் மருத்துவர் அப்துல் முன்இம் அல் முஃப்தீ, அப்படிகத்தை வெண்புள்ளி நோயாளர்களுக்குக் கொடுத்து, வெயிலிலும் புற ஊதாக் கதிரிலும் இருக்கச் செய்து, கண்ட பயனை 1948ஆம் ஆண்டு எகிப்திய மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இப்பொருள் தொழிற்படும் விதம் பின்னர் விளங்கிற்று. உயிரணுவின் உள்ளே மரபுச் செய்தியைத் தாங்கிய முறுக்கேணி ஒன்று உண்டு. மெத்தாக்ஸலென் அதன் படிகளுக்கிடையே நுழைந்து சும்மா தங்கியிருக்கும். நீண்ட அலை கொண்ட புற ஊதாக் கதிர் பட்டவுடன், ஏணியின் இரு கால்களையும் பிணைத்துக் கட்டிவிடும். கட்டுண்ட உயிரணு பெருக இயலாது. பெருகுவதையே தொழிலாகக் கொண்ட புற்றணுவுக்கு இது பேரிடி.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பாதக் ஆகியோர் 1974இல் இம்முறையைச் செதில் உதிரும் காளாஞ்சகப்படை நோய்க்குப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். வெயிலின் இடத்தை இப்போது அளந்து ஒளி தரும் விளக்குகள் பிடித்தன. மருந்தை விழுங்கி ஏறத்தாழ 2 மணி நேரம் கழித்து நோயாளி அவ்விளக்குகளின் நடுவே நிற்பார். ஈராண்டுகள் சென்று, 1976இல், கில்கிரெஸ்ட் என்னும் பெண் மருத்துவரும் தோழர்களும் இதே முறை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் நோய்க்கும் பயன்படுவதை அறிவித்தனர். இரத்தத்தின் வெள்ளணுக்களுள் ஒருவகை நெறிகெட்டுத் தோலில் குடியேறி உண்டாக்கும் புற்றுநோய் அது.

1987ஆம் ஆண்டில் எடல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மருந்துண்ட நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, மீண்டும் உடலுக்குள் செலுத்தினார். வேறு மருத்துவத்துக்கு அடங்காத நிலையில் இருந்த 37 பேரில் 27 பேருக்குப் பயன் கிட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு இம்முறைக்கு இசைவளித்தது. ஒளி படுவதோ வெள்ளணுக்களில் ஒரு சிறு பகுதி மீதுதான். ஆயினும் உடலின் காப்பாற்றல் தூண்டப்பட்டு எஞ்சிய புற்றணுக்களையும் எதிர்க்கிறது என்பர். உறுப்பு மாற்றத்துக்குப் பின் எழும் சிக்கல்களுக்கும் இன்று இம்முறை கைகொடுக்கிறது.

பெர்பர் குலத்தார் மறைத்துக் காத்த விதையின் சரக்கு, புற்றுநோயாளியின் இரத்தத்தில் ஒளிபட்டு வினைபுரிந்த வரலாறு இது.

இன்னோர் ஆறு

இங்கே நிறுத்திவிட்டால் கைதட்டல் கிட்டும். ஆனால் வரலாறு முழுமை பெறாது. ஒளியால் விழிக்கும் புற்றுநோய் மருந்துகளுள் பெரும்பான்மை இவ்விதையின் வழி வந்தவை அல்ல. அவற்றின் தோற்றுவாய் வேறு.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1897ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஆஸ்கர் ராப் என்னும் மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனரின் கீழ் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அக்ரிடின் என்னும் சாயம் பாரமீசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. ஒரே அளவு சாயம்; ஒரே உயிர்; ஆனால் ஒருநாள் விரைவில் மடிந்தவை மற்றொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. முரண்பட்ட கணக்கைக் கைப்பிழை என்று அடித்துவிடாமல் அம்மாணவர் சிந்தித்தார். மாறியது ஆய்வுக்கூடத்தின் வெளிச்சம் என்று கண்டார். இருளில் அச்சாயம் ஏறத்தாழத் தீங்கற்றது, ஒளியில் கொடிது. இதை 1900ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

டாப்பைனர் 1903இல் எசியோனெக் என்னும் தோல் மருத்துவருடன் சேர்ந்து, இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகள் மீது தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தார். இவ்வினைக்கு உயிர்வளி இன்றியமையாதது என்பதும் அவ்வாண்டுகளிலேயே வெளிப்பட்டது. ஒளியை உண்ட சாயம் தன் ஆற்றலை அருகிலுள்ள உயிர்வளிக்கு ஈகிறது. ஆற்றல் மிக்க அவ்வுயிர்வளி உயிரணுவைச் சிதைக்கிறது. அது வெகுதொலைவு செல்லாது. பிறந்த இடத்திலேயே வினை முடித்து அடங்கிவிடும்.

1912ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஃபிரீட்ரிக் மேயர் பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து பெற்ற ஹெமட்டோபார்ஃபிரினில் 200 மில்லிகிராமைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கிப் பெருந்துன்பம் தந்தன. அந்த ஒளியச்சம் பல மாதங்கள் நீடித்தது. பிறரை வருத்துமுன் தம்மை வருத்திக்கொண்ட அவருடைய துணிவு மதிக்கத்தக்கது.

அதன்பின் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிப்சன் என்பார் அப்பொருளின் திருந்திய வடிவம் கட்டிகளில் தங்குவதைக் காட்டினார். அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டவர்ட்டி அதை முறையான மருத்துவமாக வளர்த்தார். 1978இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 25 நோயாளிகளின் 113 கட்டிகள் இடம்பெற்றன. அவற்றுள் 111 கட்டிகள் முழுமையாகவோ ஓரளவோ கரைந்தன. ஃபோட்டோஃப்ரின் என்னும் பெயரில் அம்மருந்துக்கு 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் இசைவளித்தன. கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அது முதலில் ஏற்கப்பட்டது. ஊசி வழியே மருந்தை ஏற்றி, ஏறத்தாழ இரண்டு நாள் காத்திருந்து, மெல்லிய இழை வழியே செந்நிற லேசர் ஒளியைக் கட்டியின் மேல் செலுத்துவர்.

ஆண்டுகள் மேலும் சென்றன. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் கோபயாஷியும் குழுவினரும், புற்றணுவைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தோடு ஒளியுண்ணும் சாயத்தைப் பிணைத்த முறையை 2011இல் வெளியிட்டனர். எதிர்ப்புரதம் புற்றணுவை அடையாளம் காண்கிறது. ஒளி இடத்தைக் குறிக்கிறது. சாயம் புற்றணுவின் உறையைக் கிழிக்கிறது. இவ்வகையில் அமைந்த மருந்தொன்றை, தலையிலும் கழுத்திலும் தோன்றும் முற்றிய புற்றுக்கென 2020ஆம் ஆண்டு ஜப்பான் ஏற்றுக்கொண்டது.

மியூனிக் மாணவர் இப்னுல் பைத்தாரைப் படித்து இதைக் கண்டாரா? அவ்வாறு கூற நம் கையில் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்வது வரலாறாகாது. ஆறுகள் இரண்டு. ஒன்று வட ஆப்பிரிக்காவில் பிறந்து கெய்ரோ வழியே வந்தது. மற்றொன்று மியூனிக்கில் பிறந்தது. இரண்டும் ஒரே கடலில் கலந்தன என்பதே மெய்.

மருந்தே நோயாகும் இடம்

மற்றொரு மெய்யையும் மறைத்தல் தகாது. மெத்தாக்ஸலெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து ஒரு புற்றைத் தணிக்கின்றன. அளவு மிஞ்சினால் அவையே தோலில் வேறொரு புற்றை உண்டாக்குகின்றன. இம்மருத்துவம் பெற்ற 1373 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க மருத்துவர்கள் 1979ஆம் ஆண்டிலேயே இவ்வெச்சரிக்கையை விடுத்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம், இவ்விரண்டின் கூட்டைப் புற்று விளைவிப்பவற்றின் முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறது. முறுக்கேணியைக் கட்டும் கை, நலமுள்ள அணுவின் ஏணியையும் கட்டுமல்லவா? ஆகவேதான் மருத்துவர் ஒளியை அளந்து தருகின்றனர், கண்ணுக்குக் காப்பணிவிக்கின்றனர், எத்தனை முறை என்று எண்ணி வைக்கின்றனர். ஃபோட்டோஃப்ரின் பெற்றவரும் குறைந்தது 30 நாட்கள் வெயிலுக்கும் கடும் விளக்கொளிக்கும் ஒதுங்கியே வாழ வேண்டும். மேலும், ஒளி உடலுக்குள் நெடுந்தூரம் ஊடுருவாது. எட்டிய இடத்தில்தான் இம்மருத்துவம் பயன்படும். உடலெங்கும் பரவிவிட்ட புற்றை இதனால் மட்டும் வெல்ல இயலாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னோர் பெருமை பேசும் கட்டுரையைப் படித்துவிட்டு, கார்போகரிசியையோ ஆத்ரீலாலையோ வாங்கிப் பொடித்து, புற்றுக்கு மருந்தென்று உண்டு வெயிலில் அமர்பவர் ஒருவரேனும் இருப்பாராயின், அப்பழி எழுதியவனையே சாரும். இப்னுல் பைத்தார் அவ்விதையைப் புற்றுக்கு மருந்தென்று எழுதவில்லை. வெண்புள்ளிக்கு என்றே எழுதினார். அளவறியாமல் உண்ட கார்போகரிசி கல்லீரலைக் கெடுத்த செய்திகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. புற்றுநோய்க்கு நாள் கடத்துதலே பெரும்பகை. கட்டி என்று ஐயுற்றவர் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

அவ்வாறாயின் நமக்குரிய பெருமை எது? ஒரு குலத்தின் வாய்மொழியை அவமதிக்காமல் கேட்டு, அக்குலத்தின் பெயரோடு எழுதி வைத்த நேர்மை நமக்குரிய பெருமை. அத்தார் கடைப் பொடியைப் பாமரர் மருந்தென்று தள்ளிவிடாமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்ற கெய்ரோ அறிஞர்களின் உழைப்பும் நமக்குரியதே. அவர்கள் மேடையேறி, "எங்கள் முன்னோர் அன்றே சொன்னார்கள்" என்று முழங்கிவிட்டு வீடு திரும்பியிருந்தால் அவ்விதை இன்றும் விதையாகவே இருந்திருக்கும். அவர்கள் அரைத்தார்கள், வடித்தார்கள், படிகமாக்கினார்கள், நோயாளியிடம் பயனை அளந்தார்கள், உலகறிய எழுதினார்கள். அதனால்தான் பாஸ்டனில் ஒரு கை நீண்டு அதைப் பெற்றுக்கொள்ள முடிந்தது.

இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் வரிசையில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி வலுவிழக்கும் என்பதை நாம் அறிவோம். அறிவின் வரிசையும் அத்தகையதே. ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்னும் நம்பிக்கை நமக்கு மார்க்கம் தந்தது. தேடும் கடமையும் அந்நம்பிக்கையோடு சேர்ந்தே வந்தது. வரிசையின் முற்பகுதியில் நம்மவர் பெயர்கள் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதன் பிற்பகுதியில் எழுதப்பட வேண்டிய பெயர்களுக்கு இடம் இன்னும் இருக்கிறது. நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் பள்ளிகளின் ஆய்வுக்கூடங்கள் எந்நிலையில் உள்ளன என்று சமுதாயப் பெரியோர் ஒருமுறை சென்று பார்த்து வருவார்களாக!